எண்பத்தேழில் எடுத்த சோபா

பெத்தேல் கேட்,
செயின்ட் எலிசபெத், ஜமைக்கா.
9 பிப்ரவரி 1999

வெர்லீனுக்கு,

நான் நலம். என் ரத்த அழுத்தமும் குறைவில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. நீயும் ஹோப்டனும் டொராண்டோ குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் ஏதாவது கேட்டால் உடனே அழுதுவிட்டு உன் புருஷனிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை கிங்ஸ்டனிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன் காரில் வந்தான். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அயோனி ஆல்பர்ட்டினா ஸ்வேபி வீடு எது என்று கேட்டிருக்கிறான். நம் ஊரில் ஒருத்தியின் நிஜப் பெயர் ஞானஸ்நானத்தில் ஒருமுறை வெளியே வரும், அதற்கப்புறம் அவள் சாவுக்கு அச்சடிக்கும் தாளில்தான் வரும். ஐம்பத்தாறு வருடமாக நான் எல்லாருக்கும் பன்சிதான். இளநீர் விற்கும் பிக்ஸ் அவனிடம் சொன்னானாம், "அப்படி ஒரு பொம்பளைய இந்தப் பக்கம் யாரும் பாத்ததில்ல சார். கல்லறையில கேட்டுப் பாத்தீங்களா?"

பிறகு அவன் என் கடைக்கே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, அயோனி ஸ்வேபின்னு யாரையாச்சும் தெரியுமா?"

நான் வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டேன். "அவகிட்ட உனக்கு என்னப்பா வேலை?"

"சோபா செட்டு எடுத்துட்டுத் தவணை கட்டாம விட்டுட்டாங்க. எண்பத்தேழுல."

"எண்பத்தேழுல நீ டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பே. சாப்பிடு."

தின்றுவிட்டுப் போனான். அவன் போன பிறகு அடுத்த வாணலி மீனைக் கருக விட்டுவிட்டேன். எந்தச் சோபா என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு எடுத்தது. உனக்கு அப்போது வேலை இல்லை, கடைக்காரன் உன் கையெழுத்தை ஒத்துக்கொள்ளவில்லை, நான் போட்டேன். கடையே மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது எவனோ அந்தக் கணக்கை விலைக்கு வாங்கிக்கொண்டு அலைகிறான். கோர்ட்டுக்குப் போனால் என்னிடம் ஜப்தி செய்ய இருப்பது மீன் வைக்கும் ஃப்ரீசரும் கேஸ் அடுப்பும்தான். அவை போனால் நான் தெருவில் நிற்பேன்.

இதற்கு என்ன சொல்கிறாய்? உன் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

பன்சி


டொராண்டோ
3 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பனி இன்னும் விடவில்லை. ஹோப்டனுக்கு மறுபடி ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். நீ மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

அந்த விஷயம் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இங்கே காசு வாங்காமல் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்தில் விசாரித்தேன். ஆறு வருடம் ஒரு பைசாவும் கட்டாமல், ஒரு வரியும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால் கடன் கோர்ட்டில் நிற்காதாம். ஜமைக்காவிலும் அதேதானாம். நீ கடைசியாகக் கட்டியது தொண்ணூறு மார்ச்சில். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவர்கள் கடைக்கு மறுபடி வந்தால் பேசாதே. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. நல்லெண்ணத்துக்கு ஒரு டாலர் கொடு என்று கெஞ்சினாலும் கொடுக்காதே. கொடுத்தால் செத்த கணக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஈஸ்டருக்கு உனக்கு ஒரு பேரல் நிறையச் சாமான் அனுப்புகிறேன். நல்ல செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். உன் கால் அளவு ஏழுதானே?

என்றும் உன் அன்புத் தங்கை,
வெர்லீன்


பெல்ரிட்ஜ் வசூல் நிறுவனம்
கிங்ஸ்டன்
22 மார்ச் 1999

பெறுநர்: மிஸ் பன்சி (அயோனி ஏ. ஸ்வேபி),
மீன் கடை, சிவப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், பெத்தேல் கேட்.

அன்புடையீர்,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

தங்கள் பெயரில் உள்ள பர்னிச்சர் கணக்கில் வட்டி உட்பட அறுபத்தோராயிரத்து நானூறு டாலர் நிலுவையில் உள்ளது. தங்களது வயதைக் கருதி ஒரு சலுகை வழங்க முன்வந்துள்ளோம். இத்துடன் இணைத்துள்ள படிவத்தில், இக்கணக்கு தங்களுடையதே என்று கையொப்பமிட்டு, நல்லெண்ண அடையாளமாக ஐந்நூறு டாலர் மட்டும் செலுத்தினால் போதும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தவறினால் எங்கள் அலுவலர் தங்கள் வாடிக்கையாளர்களையும் திருச்சபைப் போதகரையும் நேரில் சந்திக்க நேரிடும். அத்தகைய தர்மசங்கடத்தைத் தாங்கள் விரும்ப மாட்டீர்கள் என்பது எங்கள் துணிபு.

தங்கள் உண்மையுள்ள,
ஓ. எல். டாம்லின், கணக்கு மேலாளர்


பெத்தேல் கேட்
29 மார்ச் 1999

டாம்லின் ஐயாவுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமா? உங்கள் தாயார் இருக்கிறார்களா? இருந்தால், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

நீங்கள் சொல்லும் கடனை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது என்னுடையது என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. அப்படி எழுதியிருக்கிறேனா என்று பார்க்க, பிளாக் ரிவர் வக்கீல் மிஸ் டேக்ரஸ் இதை இரண்டு முறை படித்துவிட்டார். அவர் வியாழக்கிழமைதோறும் என் கடையில் சாப்பிடுகிறவர். ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, கணக்கை உங்களுக்கு யார் விற்றார்கள் என்ற விவரம், இந்த மூன்றையும் அனுப்பவும்.

உங்கள் படிவத்தை வறுத்த மீனுக்கு அடியில் விரித்திருக்கிறேன். எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது.

போதகரைத் தாராளமாகப் பாருங்கள். அவர் வீட்டுக் கட்டிலே தவணையில் வாங்கியதுதான்.

இன்னொன்று. உங்கள் அலுவலர் பிப்ரவரி ஆறாம் தேதி என் கடையில் ஒரு வறுத்த மீனும் இரண்டு மரவள்ளி ரொட்டியும் தின்றுவிட்டு, சில்லறை இல்லை, பிறகு தருகிறேன் என்று போனார். அந்தக் கடனுக்கு இன்னும் ஆறு வருடம் ஆகவில்லை.

அ. ஸ்வேபி


பெத்தேல் கேட்
30 மார்ச் 1999

வெர்லீன்,

உடம்பு எப்படி என்று இந்த முறை கேட்கப்போவதில்லை.

டாம்லின் என்பவனின் கடிதத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மேலே விலாசத்தைப் படி. மிஸ் பன்சி என்று எழுதியிருக்கிறான். பிப்ரவரியில் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து மீன் தின்றவனுக்குத் தெரியாத பெயர், மார்ச்சில் கிங்ஸ்டன் வரைக்கும் போயிருக்கிறது. பிக்ஸ் சொல்லியிருப்பானோ என்று ஒரு நாள் முழுக்க அவனோடு சண்டை போட்டேன். அவன் பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்தான்.

பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். அந்தத் தொட்டிக்கு நீல வண்ணம் அடித்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே இருக்கிற யாரும் அதைச் சிவப்பு என்று சொல்ல மாட்டார்கள். எண்பத்தெட்டில் ஊரை விட்டுப் போனவள் சொல்லுவாள்.

ஏன் செய்தாய்? ஒரு வரி எழுது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பன்சி


பெல்ரிட்ஜ் வசூல் நிறுவனம்
கிங்ஸ்டன்
4 மே 1999

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். மீன் தொடர்பான புகார் உரிய அலுவலருக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.

தாங்கள் கேட்ட விவரம்: இக்கணக்கில் கடைசியாகப் பணம் கட்டப்பட்ட தேதி 11 மார்ச் 1999. தொகை, இருபது கனடிய டாலர். செலுத்தியவர் பெயர் அயோனி ஸ்வேபி. அனுப்பிய இடம் டொராண்டோ. ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. எனவே இக்கடன் காலாவதியாகவில்லை. வழக்கு ஜூலை 20ஆம் தேதி நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓ. எல். டாம்லின்


பெத்தேல் கேட்
14 மே 1999

வெர்லீன்,

பேரல் வந்தது. அரிசி, பதினெட்டு சோப்பு, டின் இறைச்சி, செருப்பு. நான்கு முறை கை விட்டுத் துழாவினேன். கடிதம் இல்லை. ஆறு வாரமாகப் பதில் இல்லை, ஆனால் எனக்கு அளவாகச் செருப்பு வந்திருக்கிறது.

ரசீதை அனுப்பியிருக்கிறேன். யார் கையெழுத்து என்று பார். நம் அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்த வளைந்த எஸ் அது. மார்ச் மூன்றாம் தேதி எனக்கு, ஒரு டாலர்கூடக் கொடுக்காதே என்று எழுதுகிறாய். எட்டாவது நாள் நீயே போய் என் பெயரில் இருபது டாலர் கட்டுகிறாய். உனக்கு மூளை குழம்பிவிட்டதா, நெஞ்சு காய்ந்துவிட்டதா?

மிஸ் டேக்ரஸ் சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்துவிட்டு ரசீதைப் படித்தார். "மிஸ் பன்சி, நீங்க சொல்லி அவங்க கட்டியிருந்தாத்தான் இது செல்லும். உங்களுக்குத் தெரியாம கட்டினேன்னு உங்க தங்கச்சி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அது இல்லேன்னா ஃப்ரீசர மறந்துடுங்க."

அவ்வளவுதான் கேட்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி, அங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூலை இருபதுக்கு முன்னால்.

பன்சி


டொராண்டோ
2 ஜூன் 1999

அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

உனக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு திட்டுவது சுலபம். அவர்கள் மார்ச்சில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தார்கள். சலவை அறையில் மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்கிறாள், ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுக் கடன் விஷயம் என்றார்கள். கணக்கில், சாமான் இறக்கிய வீடு என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறதாம். நாளைக்கும் கூப்பிடுவோம், தினமும் கூப்பிடுவோம் என்றான். உன் அக்காவை ஊரில் கூப்பிடும் பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் சொல்லி, அவள் பெயரில் இருபது டாலர் கட்டினால் உன்னை விட்டுவிடுவோம் என்றான். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

நீ கேட்கிற தாளில் நான் கையெழுத்துப் போட முடியாது. நாங்கள் வீடு வாங்க வங்கியில் விண்ணப்பித்திருக்கிறோம். இந்தக் கடன் என் தலையில் விழுந்தால் வங்கி தராது என்று ஹோப்டன் சொல்கிறார். யோசித்துப் பார், அக்கா. ஒப்பந்தத்தில் கையெழுத்து உன்னுடையதுதானே? நான் உன்னை வற்புறுத்தவில்லையே. அந்தச் சாமானையும் புயல் கொண்டுபோய்விட்டது. யாருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. இதில் நான் மட்டும் எப்படிக் குற்றவாளி?

மாத்திரை போட்டுக்கொள்.

வெர்லீன்


பெத்தேல் கேட்
15 ஜூன் 1999

வெர்லீன்,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், கேள்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் நீங்கள் விமானம் ஏறினீர்கள். சோபாவை ஹோப்டனின் மாமா வீட்டில் போட்டுவிட்டுப் போகிறோம் என்றாய். செப்டம்பரில் கில்பர்ட் புயல் அடித்தது. மாமா வீட்டுக் கூரையோடு எல்லாம் போய்விட்டது என்று அங்கிருந்து எழுதினாய். என் கடைக் கூரையும்தான் போனது. அந்த நிலையிலும் காற்றில் போன சோபாவுக்கு மாதா மாதம் பணம் கட்டினேன். மீன் இல்லாத மாதத்தில் அம்மாவின் கம்மலை விற்றுக் கட்டினேன்.

தொண்ணூறு ஏப்ரலில் பிளாக் ரிவரில் எனக்கு மீன் கொடுக்கும் லெஸ்டர் கோடெட்டின் அண்ணன் அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து ஆட்டுக்கறியும் சோறும் கொடுத்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டு லெஸ்டர் வீட்டுக் கூடத்தில் கிடந்த சோபாவில் உட்கார்ந்தேன். கை வைத்த இடத்தில் ஒரு ஓட்டை. இடது கைப்பிடியில், உன் கல்யாணத்தன்று ஹோப்டன் சுருட்டால் சுட்ட ஓட்டை.

லெஸ்டரிடம் கேட்டேன். "நல்ல சோபா. எங்க வாங்கினே?"

"உங்க தங்கச்சிகிட்டதான் மிஸ் பன்சி. டிக்கெட்டுக்குக் காசு பத்தலன்னு வித்தாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்," என்று சொல்லிவிட்டு மீதிச் சோற்றைத் தின்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த மாதத் தவணையிலிருந்தே கட்டுவதை நிறுத்தினேன். காசு இல்லாமல் இல்லை. நீ எப்போதாவது நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன். ஒன்பது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. இந்த மாதம் மறுபடி புயல் என்று எழுதுகிறாய்.

நீ எழுதிக் கொடுத்தாலும் கொடு, கொடுக்காவிட்டாலும் போ. ஃப்ரீசர் போனால் தலையில் கூடை வைத்து மீன் விற்பேன். ஆனால் கோர்ட்டில் நின்று, என் தங்கை ஒரு பொய்க்காரி என்று என் வாயால் சொல்ல வைக்காதே.

பன்சி


டொராண்டோ
5 ஜூலை 1999

அக்கா,

நோட்டரி முத்திரையோடு தாள் இதில் இருக்கிறது. அதிலுள்ளதை இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் தாள் தொலைந்தாலும் நீ படிக்க வேண்டும்.

1987இல் எடுத்த சோபா செட்டு என் வீட்டுக்காக எடுத்தது. என் அக்கா எனக்காகக் கையெழுத்துப் போட்டாள். 1988 ஆகஸ்டில் நான் அதை விற்று விமான டிக்கெட் வாங்கினேன். புயல் கொண்டுபோனது என்று அவளிடம் பொய் சொன்னேன். இந்த மார்ச்சில் வசூல்காரர்கள் என் வேலை இடத்துக்குப் போன் செய்து மிரட்டியதால், அவளுக்குத் தெரியாமல், அவள் சொல்லாமல், அவள் பெயரில் இருபது டாலர் கட்டினேன். அவள் கட்டிய தவணைகள் அத்தனையும் நான் அவளுக்குத் தர வேண்டிய கடன்.

கடைசி வரியை நோட்டரி வேண்டாம் என்றார். நான்தான் விடாமல் எழுதினேன்.

ஹோப்டன் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. வங்கிக்குத் தெரிந்தால் தெரியட்டும். அந்தச் சோபாவில் நீ உட்கார்ந்து சோறு தின்றாய் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெர்லீன்


பெத்தேல் கேட்
25 ஜூலை 1999

வெர்லீனுக்கு,

நான் நலம். அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். நீ சாப்பிடுகிறாயா?

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடும் உன் செருப்போடும் போனேன். டாம்லின் வந்திருந்தான். கடிதத்தைப் படித்தபோது ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன், என் தோள் உயரம்தான் இருக்கிறான். மாஜிஸ்ட்ரேட் அவனிடம் கேட்டார், "ஒப்பந்தம் எங்கே?"

"மூலப் பிரதி புயலில் சேதமாகிவிட்டது, மேன்மை தங்கியவரே."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் அந்தப் புயலின் மேல் பழி போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மிஸ் டேக்ரஸ் உன் தாளை எடுத்து வாசித்தார். நீ எழுதியது ஒவ்வொரு வரியாக எல்லார் காதிலும் விழுந்தது. மாஜிஸ்ட்ரேட் ரசீதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், டாம்லினைப் பார்த்தார். "அக்காவ மிரட்ட முடியலன்னு தங்கச்சிய மிரட்டி இருபது டாலர் வாங்கியிருக்கே. இது கடன் இல்ல, வழிப்பறி. தள்ளுபடி." வெளியே வந்ததும் அவனை நிறுத்தி, மீனுக்கும் ரொட்டிக்கும் காசை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்தது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. எழுத மாட்டேன், ஏனென்றால் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவின் கம்மலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தத் தாளை அவர் வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடமாக ஏமாளியாக இருந்தவள் நான். நான் ஏமாளி இல்லை, ஏமாற்றப்பட்டேன் என்று நீயே சொல்லக் கேட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் மிஸ் டேக்ரஸ் தாளை என் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்குங்க. அவங்க கடன் அவங்க கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்களுக்கு வர வேண்டியது எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. இந்த ஒரு வரியால இன்னும் ஆறு வருஷத்துக்கு உயிர் வந்திருக்கு."

ஆகவே வசூலிக்கிறேன். நான் கட்டியது முப்பத்து நாலு தவணை. நீயும் முப்பத்து நாலு மாதம் கட்டு. பேரலில் போட்டு அனுப்பாதே, ஹோப்டன் கையில் கொடுத்து அனுப்பாதே. ஒவ்வொரு தவணையும் ஒரு கடிதத்துக்குள் வர வேண்டும், கடிதத்தில் அந்த மாதம் உனக்கு உண்மையில் என்ன நடந்தது என்று இருக்க வேண்டும். வீட்டுக்கடன் வந்ததா இல்லையா, ஹோப்டன் பேசினாரா இல்லையா, எல்லாம். மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தபாலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

முதல் தவணை ஆகஸ்ட் முடிவதற்குள் வர வேண்டும். தவறினால் ஆள் அனுப்ப மாட்டேன். நானே வருவேன்.

உன் அக்கா,
பன்சி